வலிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பதில்

உடலின் ஓர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை என வேறு இடங்களுக்குப் பரவி, அறுவையாலோ கதிர்வீச்சாலோ முழுமையாக நீக்கிவிட முடியாத கட்டத்தை அடையும்போது, மருத்துவம் அதை முற்றிய புற்றுநோய் என்கிறது. அந்தக் கட்டத்தில் சிகிச்சை நின்றுவிடுவதில்லை. அதன் இலக்கு மாறுகிறது. நோயை இயன்றவரை அடக்கி வைப்பதும், எஞ்சியிருக்கும் மாதங்களையோ ஆண்டுகளையோ உடல் உபாதை குறைவாகக் கழிக்கச் செய்வதும் ஒரே அளவு முக்கியமான பணிகளாகின்றன. இந்த இரண்டாவது பணியில் நெடுங்காலமாக ஓர் இடைவெளி இருந்துவருகிறது. கீமோதெரபி பெறும் ஒருவர் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வருகிறார்; ரத்தப் பரிசோதனைக்கும் மருந்தேற்றத்துக்கும் ஒரு நாள் போனால், மீதி இருபது நாட்களை வீட்டில் கழிக்கிறார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வலியும் மூச்சுத்திணறலும் அந்த இருபது நாட்களில்தான் தலைகாட்டுகின்றன. சில வேளை தாமாகத் தணிகின்றன, சில வேளை நள்ளிரவில் அவசரப் பிரிவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. கண்காணிப்பே இல்லாத அந்த நாட்களுக்குள் மருத்துவமனையின் காது எட்ட வழி உண்டா என்ற கேள்விக்கு, கணினி, கைப்பேசி, தானியங்கித் தொலைபேசி ஆகியவற்றைக் கொண்டு பல நாடுகளில் விடை தேடப்பட்டுள்ளது. அந்த விடைகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பார்க்கும்போது, கருவியைப் பற்றிய செய்தியைவிடக் கருவியின் மறுமுனையில் இருக்கும் மனிதர்களைப் பற்றிய செய்தியே கூடுதலாகக் கிடைக்கிறது.

இடைவெளி தூரத்தால் மட்டும் உண்டாவதன்று. மருத்துவரின் எதிரே அமர்ந்திருக்கும்போதும் நோயாளிகள் பலர் தங்கள் உபாதையை முழுவதும் சொல்வதில்லை. வலி கூடியிருக்கிறது என்று சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம், மருத்துவரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்ற தயக்கம், இந்த நோயென்றால் இப்படித்தான் இருக்கும் என்ற சகிப்பு ஆகியவை எல்லாம் சேர்ந்து, 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்விக்குப் 'பரவாயில்லை' என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாக்கிவிடுகின்றன. மறுபுறம், ஸ்கேன் படத்தையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டே பேசும் மருத்துவர், அசதியையும் பசியின்மையையும் குறிப்பேட்டில் எழுதாமல் கடந்துவிடுவதும் உண்டு. ஒரே நாளில் ஒரே நோயாளியைப் பற்றி நோயாளி தரும் அறிகுறிப் பட்டியலையும் மருத்துவர் எழுதும் பட்டியலையும் ஒப்பிட்ட ஆய்வுகள், மருத்துவரின் பட்டியல் குறைவாகவும் மிதமாகவும் இருப்பதை மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. புற்றுநோய் மருத்துவர் ஈதன் பாஷ் 2010-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, மருந்துகளின் பக்கவிளைவு அறிக்கைகளில் நோயாளியின் குரல் காணாமற்போயிருப்பதையே தலைப்பில் சுட்டியது.

அந்தக் குரலை அளவாக மாற்றும் முயற்சி கணினிக்கு முந்தியது. கனடாவின் எட்மன்டன் நகரில் எடுவார்டோ புருவேராவும் அவருடைய சகாக்களும் 1991-இல் வெளியிட்ட அறிகுறி மதிப்பீட்டுப் படிவம் ஒரே பக்கத்தில் அடங்கியது. வலி, சோர்வு, குமட்டல், மனச்சோர்வு, பதற்றம், மயக்கமான தூக்க உணர்வு, பசி, மூச்சுத்திணறல், பொதுவான உடல்நலம் ஆகியவற்றுக்கு நோயாளியே மதிப்பெண் இடும் முறையாக அது பின்னர் நிலைபெற்றது. சுழியம் என்றால் அந்த உபாதை அறவே இல்லை, பத்து என்றால் எண்ணிப்பார்க்கக்கூடிய அளவில் மிக மோசம். பின்னாளில் ஒன்டாரியோ மாகாணம் இதே கேள்விகளைப் புற்றுநோய் மருத்துவமனைகளின் வாசலில் தொடுதிரைகளாக நிறுத்தியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உருவாக்கிய விரிவான தொகுதி 78 அறிகுறிகளை நோயாளியின் வாய்மொழியாகவே அளக்க வகைசெய்கிறது. மருத்துவரின் இடையீடு இன்றி நோயாளியே நேரடியாகத் தரும் இத்தகைய பதிவு ஓர் அகவுணர்வுக் குறிப்பு என்று தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டாலும், வலியை அளக்க வேறெந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை என்பதால், இந்தப் பதிவையே வலியின் உண்மையான அளவாகக் கொள்வது இன்று மருத்துவத்தின் ஏற்கப்பட்ட நிலை.

பதிவு செய்வதால் நோயாளிக்கு ஏதேனும் பயன் உண்டா என்பதைச் சோதித்த ஆய்வுகளுள் முதன்மையானது நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் பாஷ் தலைமையில் நடந்தது. மார்பகம், நுரையீரல், சிறுநீர்ப்பாதை, பெண் இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றில் தோன்றிப் பரவிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றுக்கொண்டிருந்த 766 பேர் அதில் பங்கேற்றனர். எவர் எந்தப் பிரிவில் சேர்வார் என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்காமல் குலுக்கல் போன்ற முறையால் பிரித்து ஒப்பிடுவது சமவாய்ப்பு ஆய்வு எனப்படுகிறது. மருத்துவச் சான்றுகளில் அதற்கு உயரிய இடம் உண்டு. இந்த ஆய்வும் அவ்வகையினது. ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். மற்றப் பிரிவினர் அதனோடு, பசியின்மை, மலச்சிக்கல், இருமல், வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், சிறுநீர்க்கடுப்பு, அசதி, உடல் திடீரெனச் சூடேறுதல், குமட்டல், வலி, கைகால் மரத்துப்போதல், வாந்தி என்ற பன்னிரண்டு அறிகுறிகளைக் கணினி வழியே தாமே பதிந்தனர். ஓர் அறிகுறி கடுமையான நிலையை எட்டினாலோ, முந்தைய பதிவைவிட இரண்டு படிகள் மோசமானாலோ, பொறுப்புச் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போகும். நோயாளி மருத்துவமனைக்கு வரும் நாளில் அதுவரையிலான பதிவுகள் அச்சிடப்பட்டு மருத்துவரின் மேசையில் இருக்கும். நுட்பம் என்று பார்த்தால் இவ்வளவே. இன்றைய கைப்பேசிச் செயலிகளின் முன் வைத்தால் மிக எளிய ஏற்பாடு.

முடிவுகள் எளியவையாக இல்லை. பதிவு செய்த பிரிவில் 34 விழுக்காட்டினரின் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது; மற்றப் பிரிவில் 18 விழுக்காட்டினருக்கே அது வாய்த்தது. ஓராண்டுக்குள் அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் 34 விழுக்காடு, மற்றதில் 41. கீமோதெரபியைச் சராசரியாக 8.2 மாதங்கள் தாங்க முடிந்தது, மற்றப் பிரிவில் 6.3 மாதங்கள். இவை 2016-இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான தொடர்ச்சியே பெரும் கவனத்தைப் பெற்றது: பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது ஒரு பிரிவில் பாதிப்பேர் உயிரோடிருக்கும் காலம், 31.2 மாதங்களாகவும், மற்றவர்களுடையது 26 மாதங்களாகவும் இருந்தன. பரவிய புற்றுநோய்க்கு வரும் விலையுயர்ந்த மருந்துகளுள் பலவும் தராத ஐந்து மாதங்களை ஒரு கேள்வித்தாள் தந்துவிட்டதாகச் செய்திகள் எழுதின. கேள்வித்தாள் தந்தது என்று சொல்வது சரியாகாது. மின்னஞ்சல் வந்தபோது செவிலியர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு எண்ணிவைத்திருக்கிறது; நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட முறை, துல்லியமாக 77 விழுக்காடு, அவர்கள் தொலைபேசியில் அறிவுரை கூறியோ, மருந்தை மாற்ற ஏற்பாடு செய்தோ, நோயாளியை வரவழைத்தோ ஏதேனும் ஒரு நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள். இன்னொரு முடிவும் இந்தியாவுக்கு மிகப் பொருந்துவது: கணினிப் பழக்கமே இல்லாதவர்கள் தனியே பிரித்துப் பார்க்கப்பட்டபோது, பெரும்பாலான அளவுகளில் அவர்களே கூடுதல் பயன் பெற்றிருந்தனர். தொழில்நுட்பம் படித்தவர்களுக்கே உதவும் என்ற பொதுக் கருத்துக்கு இது நேர் எதிரானது.

ஒரு மின்னஞ்சல் எப்படிச் சிகிச்சையாகிறது என்பதை மலச்சிக்கலைக் கொண்டு விளக்கலாம். கடும் வலிக்கு மார்பின் தரப்படும்போது அது குடலின் இயக்கத்தையும் மந்தப்படுத்துகிறது. ஆகவே மார்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும் என்பது நோய்த்தணிப்பு மருத்துவத்தின் பாலபாடம். அது விடுபட்டுவிட்டால், நான்கைந்து நாட்கள் மலம் கழியாமல் வயிறு பொருமி, குமட்டல் எடுத்து, சாப்பாடு இறங்காமல், இறுதியில் வலியைவிட இந்தத் தொல்லையே பெரிதாகி, நோயாளி மார்பினைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார். வலி திரும்புகிறது, அடுத்த சந்திப்பில் 'மார்பின் ஒத்துக்கொள்ளவில்லை' என்ற முடிவோடு விவகாரம் முடிகிறது. மூன்றாம் நாளிலேயே மலச்சிக்கல் என்ற கட்டத்தில் ஓர் எண் ஏறியிருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் மலமிளக்கியின் அளவைக் கூட்டி இந்தச் சங்கிலி முழுவதையும் அறுத்திருக்க முடியும். வேறு சில அறிகுறிகளில் நாட்கள்கூட இல்லை, மணிநேரமே உண்டு. முதுகெலும்புக்குப் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கினால், முதுகுவலியோடு கால்கள் தளர்வதும், சிறுநீர் கழிப்பதில் மாற்றமும் தெரியும். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கினால் நடை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது, கால்கள் செயலற்றபின் வந்தால் மீள்வது அரிது. கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வரும் காய்ச்சலும் அப்படியே. காலை வரை பார்க்கலாம் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய குறிகளுக்கு நல்ல கருவிகள் மதிப்பெண் கேட்டுப் பதிவதோடு நிற்பதில்லை. உடனே புறப்பட்டு வரும்படி திரையிலேயே சொல்கின்றன.

பிரான்ஸில் லெ மான் நகர மருத்துவர் ஃபாப்ரிஸ் தெனி வேறொரு கோணத்தில் இதை அணுகினார். முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு முதற்கட்டச் சிகிச்சை முடிந்தவர்களை மாதக்கணக்கு இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே வழக்கம். அவர்களை வாரந்தோறும் சில அறிகுறிகளை இணையத்தில் பதியச் செய்து, எடை, பசி, அசதி போன்றவை எந்தச் சேர்க்கையில் மாறினால் நோய் திரும்புகிறது என்று பொருள் என்பதை ஒரு கணித விதி கணக்கிட்டு மருத்துவருக்கு அறிவிக்குமாறு அவர் அமைத்தார். வழக்கமான ஸ்கேன்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தும், நோய் திரும்புவது உடல் வலுவோடு இருக்கும்போதே பிடிபட்டதால், அடுத்த கட்டச் சிகிச்சையைத் தாங்கும் நிலையில் பெரும்பாலோர் இருந்தனர். 2019-இல் வெளியான இறுதிக் கணக்கில் இடைநிலை ஆயுள் 22.5 மாதங்கள், வழக்கமான கண்காணிப்பில் 14.9 மாதங்கள். இது ஏறத்தாழ 120 பேரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு என்பதை மறக்கக்கூடாது.

இத்துறையின் மிகப் பெரிய பாடம், புகழ்பெற்ற இந்த இரண்டிலும் இல்லாமல், அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் செவிலியர் ஆய்வாளர் கேத்தி மூனி நடத்திய இரண்டு ஆய்வுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அவை முற்றிய நோயாளிகளுக்கு மட்டுமானவை அல்ல. கீமோதெரபி பெறும் பொதுவான நோயாளிகளைக் கொண்டவை. இரண்டிலும் நோயாளி தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணை அழைத்து, பதிவு செய்யப்பட்ட குரல் கேட்கும் கேள்விகளுக்கு எண் பொத்தானை அழுத்திப் பதிலளிக்க வேண்டும். 2014-இல் வெளியான ஆய்வில், உபாதை மிகுந்தால் அறிவிப்பு மருத்துவருக்கும் செவிலியருக்கும் அனுப்பப்பட்டது. அதன்மேல் என்ன செய்வது என்பது அவரவர் முடிவுக்கு விடப்பட்டது. அவர்கள் நோயாளியைத் திரும்ப அழைத்தது மிக அரிதாகவே நிகழ்ந்தது. அறிவிப்பு போன பிரிவுக்கும் போகாத பிரிவுக்கும் உபாதையில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் வெளியான அடுத்த ஆய்வில் 358 பேர் இருந்தனர். இம்முறை தானியங்கிக் குரல் அன்றைய உபாதைக்கு ஏற்ற தற்காப்பு வழிகளை உடனே கூறியது. உபாதை நடுத்தர அளவை எட்டினால் அதற்கென்றே நியமிக்கப்பட்ட உயர்பயிற்சி பெற்ற செவிலியர், எழுதிவைக்கப்பட்ட சிகிச்சை நெறியைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியைத் தாமே அழைத்தார். உபாதையின் கடுமை வழக்கமான சிகிச்சைப் பிரிவைவிட ஏறக்குறைய 43 விழுக்காடு குறைந்தது. கேட்கும் முறை இரண்டிலும் ஒன்றே. பதில் சொல்ல வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. கருவியை வாங்கிவிட்டு, அதற்குப் பதில் சொல்லும் பணியிடத்தை உருவாக்காத எந்தத் திட்டமும் 2014-இன் முடிவையே திரும்பப் பெறும் என்று துணிந்து கூறலாம். அதில் ஒரு கொடுமையும் உண்டு: தினமும் தன் வலியை எண்ணாகச் சொல்லிவிட்டு எவரும் அழைக்காத நோயாளி, எதுவும் கேட்கப்படாதவரைவிடக் கூடுதலாகக் கைவிடப்பட்டவராக உணர்வார்.

ஆயுளை நீட்டும் என்ற வாக்குறுதியைப் பொறுத்தவரை நிதானம் தேவை. ஒரு பெரிய நகர மருத்துவமனையில் கிடைத்த பயன் சாதாரண சிகிச்சை மையங்களிலும் கிடைக்குமா என்று பார்க்க, பாஷ் குழுவினர் அமெரிக்காவின் 52 சமூகப் புற்றுநோய் மையங்களில் பரவிய புற்றுநோய் உள்ள 1,191 பேரைக் கொண்டு மற்றோர் ஆய்வை நடத்தினர். இணையமோ தானியங்கித் தொலைபேசியோ எது வசதியோ அதை நோயாளி தேர்ந்துகொள்ளலாம். வாரந்தோறும் எதிர்பார்க்கப்பட்ட பதிவுகளில் 91.5 விழுக்காடு நிறைவு செய்யப்பட்டன, பதியாதவர்களை ஊழியர்கள் அழைத்து நினைவூட்டினர் என்பதும் அதற்கு ஒரு காரணம். 2022-இல் வெளியான முதற்கட்ட முடிவில் உடல் செயற்பாடு, அறிகுறிக் கட்டுப்பாடு, வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்றும் பதிவு செய்தவர்களிடம் மேம்பட்டிருந்தன. அவசரப் பிரிவுக்குப் போகும் தேவையும் தள்ளிப்போனது. ஆயுளில் மட்டும் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை என்று பின்னர் வந்த இறுதி முடிவு காட்டியது. முதல் ஆய்வு நடந்த காலத்துக்குப் பின் புற்றுநோய் மருந்துகள் பெரிதும் மாறிவிட்டதும், ஆய்வின் நடுவே கோவிட் தொற்று குறுக்கிட்டதும் காரணங்களாக இருக்கலாம். ஆனால் ஆயுள் நீளவில்லை என்பதால் கருவி தோற்றுவிட்டது என்று கொள்வது, வலி தணிவதை ஆயுளுக்கான வழியாக மட்டும் மதிக்கும் பிழையான கணக்கு. தூங்க முடிந்த ஓர் இரவும், வாயில் வைத்த கஞ்சி குமட்டாமல் இறங்கிய ஒரு காலையும் தம்மளவில் சிகிச்சையின் வெற்றிகளே. ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, சிகிச்சைக் காலத்தில் இத்தகைய மின்னணு அறிகுறிக் கண்காணிப்பை வழக்கமான நடைமுறையாக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டமைப்பு 2023 ஜூலையில் தொடங்கிய புதிய புற்றுநோய்ச் சிகிச்சைத் திட்டத்தில், பங்கேற்கும் மையங்கள் இதைப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று.

அணிகருவிகள் இந்தப் பணியை நோயாளியின் சிரமமின்றியே செய்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. மணிக்கட்டுப் பட்டை நடந்த அடிகளையும் நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் எண்ணும்; தினமும் நடக்கும் அடிகள் குறைந்துகொண்டே வருவது உடல் தளர்வதன் நல்ல அடையாளமுமாகும். ஆனால் குமட்டலையோ வாய்ப்புண்ணின் எரிச்சலையோ எந்தப் பட்டையும் அறியாது. மூச்சுத்திணறலுக்கு வீட்டில் பயன்படும் விரல் ஆக்சிமீட்டரில் வேறு இரண்டு சிக்கல்கள் உள்ளன. ரத்தத்தில் ஆக்சிஜன் சரியாக இருந்தும் மூச்சு முட்டுவதாக உணர்வது முற்றிய நுரையீரல் நோயில் மிகச் சாதாரணம். எண் 97 என்று காட்டுவதால் நோயாளியின் தவிப்பு பொய்யாகிவிடாது. முகத்துக்கு நேரே ஒரு சிறு கைவிசிறியின் காற்றும், மருத்துவர் மேற்பார்வையில் குறைந்த அளவு மார்பினும் அந்தத் தவிப்பைத் தணிக்கின்றன. மற்றது, தோலின் ஊடே ஒளியைச் செலுத்தி அளக்கும் இந்தக் கருவி கருந்தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது. அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கருவிக்குத் தெரியாமல் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. கருத்த மேனியினர் மிகுந்த தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இக்கருவியின் எண்ணை மட்டும் நம்பி வீட்டில் காத்திருப்பதன் ஆபத்து இதிலிருந்து விளங்கும்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டிருக்கும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பதிவேடு மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பலர் நோய் முற்றிய பின்பே மருத்துவமனைக்கு வருகிறார்கள். இத்தகைய கருவிகளை இங்கே கொண்டுவரும்போது முதலில் எழுவது சொற்களின் கேள்வி. ஆங்கிலத்தில் வலி என்பதற்கு ஒரு சொல்லை வைத்து எண் கேட்டுவிடலாம். தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, விண்விண்ணென்று தெறித்தல், திகுதிகுவென்று எரிதல் என்று வலி பல பெயர்களில் வருகிறது. இந்தப் பெயர்கள் அலங்காரமானவை அல்ல, மருத்துவப் பொருள் உடையவை. எறும்பு ஊர்வதுபோல், மின்சாரம் பாய்வதுபோல் என்று ஒருவர் சொன்னால் அது நரம்பு சார்ந்த வலியாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதற்கு வழக்கமான வலிநிவாரணி போதாமல் வேறு வகை மருந்து வேண்டியிருக்கும். அசைந்தால் மட்டும் எழும் வலி எலும்பில் பரவியதைக் குறிக்கலாம். மூச்சு வாங்குதல், மூச்சு முட்டுதல், இளைப்பு என்பவையும் ஒன்றல்ல. ஆங்கில வினாவை அகராதி வைத்துப் பெயர்த்து, 'வலியின் தீவிரம்' என்று திரையில் எழுதிவிட்டால், கேள்வி புரியாமலேயே ஓர் எண் கிடைக்கும். எழுத்துப் பழக்கம் இல்லாத மூதாட்டிக்குக் கேள்வியை அவர் பேசும் வழக்கில் ஒரு குரல் கேட்பதே பொருந்தும். அதற்கு விலையுயர்ந்த கைப்பேசி தேவையில்லை, பொத்தான் கைப்பேசியே போதும் என்பதை யூட்டாவின் அனுபவம் காட்டிவிட்டது.

அடுத்தது, கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பது. தமிழ்க் குடும்பங்களில் நோயின் பெயர் நோயாளிக்கு மறைக்கப்படுவது இன்றும் அரிதன்று. மகனோ மகளோ மருத்துவரிடம் தனியே பேசி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். செயலி மகனின் கைப்பேசியில் இருந்தால், வாரந்தோறும் பதியப்படுவது தந்தையின் வலியா, தந்தையின் வலி பற்றிய மகனின் எண்ணமா என்ற ஐயம் எழுகிறது. உடனிருப்பவரின் மதிப்பீடு நோயாளியின் மதிப்பீட்டிலிருந்து விலகுவது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. அன்பின் பதற்றத்தால் வலியைக் கூட்டிச் சொல்வதும், களைப்பால் குறைத்துச் சொல்வதும் நேர்கின்றன. இதற்குக் குடும்பத்தை விலக்குவது தீர்வாகாது, இந்த மண்ணில் நோய்த்தணிப்பின் பெரும்பகுதியைச் சுமப்பது குடும்பமே. பதிந்தவர் யார் என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்து, செவிலியர் திரும்ப அழைக்கும்போது நோயாளியிடமும் இரண்டு வார்த்தை பேசுவதை நெறியாக்கினாலே பெரும்பகுதி சரியாகும்.

மூன்றாவது சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. மருத்துவ ஆலோசனையைத் திரைவழி தருவதால் தரம் குறைவதில்லை என்பதற்கு வலுவான சான்று உண்டு: அமெரிக்காவின் 22 புற்றுநோய் மையங்களில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 1,250 பேரைக் கொண்டு நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், காணொலி வழி நோய்த்தணிப்பு ஆலோசனை நேரடி ஆலோசனைக்கு இணையான வாழ்க்கைத்தரத்தைத் தந்தது. இந்தியாவிலும் 2020 மார்ச் 25-இல் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் அடங்கும் மருந்துகளைத் தொலைவழியே எழுதித் தருவதற்கு அந்நெறிகள் தடைவிதித்தன. மார்பின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே கருவி வலி ஒன்பது என்று அறிவிக்கலாம், மருத்துவர் காணொலியில் முகம் பார்த்து உறுதிசெய்யலாம், அதற்கு உரிய மருந்தை மட்டும் எழுத முடியாது. எவரேனும் மருந்துச்சீட்டுக்காகப் பேருந்து ஏற வேண்டும். 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத வலிநிவாரணிகளை அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்திருப்பதற்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஏற்கெனவே நேரில் பார்த்து மார்பின் தொடங்கப்பட்ட நோயாளிக்கு, கண்காணிப்போடு அதைத் தொலைவழி தொடர்வதற்கும் அளவை மாற்றுவதற்கும் அதே போன்ற தெளிவான வழி திறக்கப்பட வேண்டும். முறைகேட்டைத் தடுப்பது அரசின் கடமைதான்; வாரந்தோறும் வலியின் பதிவும் மாத்திரைகளின் கணக்கும் உள்ள ஒரு மின்னணு ஏடு அந்தக் கடமைக்கும் உதவும்.

பதில் சொல்லும் கை தமிழ்நாட்டில் முற்றிலும் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மருந்து தருவதோடு, படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சேவையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீடு தேடிக் கொண்டுசெல்கிறது. அண்டைக் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிநிவாரண மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அக்கம்பக்கத் தொண்டர் வலைப்பின்னல், வீட்டுக்குப் போகும் செவிலியரையும் ஊர்க்காரர்களையும் ஒன்றாக இணைத்த முன்மாதிரி. தான்சானியாவில் டார் எஸ் சலாமின் ஓஷன் ரோட் புற்றுநோய் நிலையத்தில், வீடு திரும்பும் முற்றிய நோயாளிகளின் அறிகுறிகளைக் கைப்பேசி வழியே நகர நிபுணருக்கும் உள்ளூர் சுகாதார ஊழியருக்கும் ஒருங்கே தெரிவிக்கும் செயலி முயன்று பார்க்கப்பட்டிருப்பதும் இங்கே கருதத்தக்கது. கீமோ தரும் பெருநகர மருத்துவமனையும் நோயாளியின் ஊரில் வீடு தேடிப் போகும் செவிலியரும் இன்று ஒருவரையொருவர் அறியாதவர்கள். வாரம் ஒருமுறை வரும் பன்னிரண்டு எண்கள் இருவர் கையிலும் ஒரே நேரத்தில் விழுமானால், செங்கத்திலோ பரமக்குடியிலோ இருக்கும் நோயாளி மலமிளக்கியின் அளவைக் கூட்டுவதற்காகச் சென்னைக்கு வர வேண்டியதில்லை. நோயாளியின் உடலைப் பற்றிய மிக அந்தரங்கமான இந்தப் பதிவுகள் எவர் கைக்கெல்லாம் போகின்றன என்பதை அவருக்கே எளிய தமிழில் சொல்லி ஒப்புதல் பெறுவது இதன் முன்நிபந்தனை. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதையே கோருகிறது.

நோய் இறுதிக் கட்டத்தை நெருங்கும்போது பதிவுகள் குறைகின்றன. அசதி மிகுந்து, பகலிலும் தூக்கம் சூழ்ந்து, சில வேளை நினைவு தடுமாறும்போது, எண் அழுத்துவதே ஒரு சுமையாகிறது. தொடர்ந்து பதிந்துவந்த ஒருவர் இரண்டு வாரம் மௌனமாகிவிட்டால், அந்த வெற்றுக் கட்டத்தை விடுபட்ட தரவு என்று கணக்கிடுவது புள்ளியியலின் வழக்கம்; செவிலியருக்கு அதுவே அனைத்திலும் அவசரமான அறிவிப்பு, உடனே அழைக்க வேண்டிய காரணம். அந்த அழைப்பில் கேள்விகளைக் குறைத்து, வலி, மூச்சு, அமைதியின்மை என்ற மூன்றை மட்டும் உடனிருப்பவரிடம் கேட்கும்படி மாற்றிவிடலாம். பிறகு அவற்றையும் நிறுத்திவிட்டு நேரே பேசுவதோடு அல்லது வீட்டுக்குப் போவதோடு இருந்துவிடலாம். இந்த மாற்றங்களை எப்போது செய்வது என்பதை எந்தக் கணித விதியிடமும் ஒப்படைக்க இயலாது, அந்தக் குடும்பத்தை மாதக்கணக்கில் குரலால் அறிந்த ஒருவரே அதைத் தீர்மானிக்க முடியும். நோயாளி இறந்த பின்னரும் 'இந்த வாரம் உங்கள் வலி எவ்வளவு' என்ற குறுஞ்செய்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேராதபடி, செய்தி தெரிந்த அன்றே அவருடைய பெயருக்கு எதிரே கேள்விகளை நிறுத்துவதும், பின் மகளையோ மனைவியையோ ஒருமுறை அழைத்துப் பேசுவதும் அந்தச் செவிலியரின் வேலைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.